மாலினியின் முழுத் தட்டு

நியூசிலாந்தின் ஆக்லாந்து துறைமுகத்தில் பெரிய கப்பல் வந்து நிற்கும் நாட்களில் சுற்றுலாப் பஸ்கள் வரிசையாகக் காத்திருக்கும். அவற்றில் மாலினியின் பஸ் எது என்று யாரும் விசாரிக்க வேண்டியதில்லை. கிளம்புவதற்கு முன்பே எந்தப் பஸ்ஸிலிருந்து சிரிப்புச் சத்தம் வருகிறதோ, அதுதான் அவளுடையது.

மலேசியாவின் ஈப்போவில் பிறந்தவள். கல்யாணமாகி, கணவன் ஜனார்த்தனுக்கு ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு கிடங்கில் வேலை கிடைத்ததால் இங்கே வந்தவள். முதலில் சில வருஷம், டெயரி என்று இங்கே சொல்லும் ஒரு தெருமுனைக் கடையில் பாலும் பத்திரிகையும் விற்றாள். வழி கேட்டு வருகிறவர்களுக்கு வழியோடு சேர்த்து அந்தத் தெருவின் சரித்திரத்தையும் சொல்லி அனுப்புவாள். அதைக் கேட்டுக்கொண்டு நின்ற ஒருவர்தான், "நீங்கள் ஏன் இதையே வேலையாகச் செய்யக்கூடாது?" என்று கேட்டு அவளைச் சுற்றுலா நிறுவனத்துக்கு அனுப்பி வைத்தார். அன்று பிடித்த மைக்கை அவள் பிறகு விடவில்லை.

"நீங்கள் உண்மையில் எந்த ஊர்?" என்று பயணிகள் கேட்பார்கள். "லின்ஃபீல்ட்" என்பாள். "இங்கிருந்து அரை மணி நேரம். மழை பெய்தால் அடுத்த நாள்தான்." பஸ் முழுக்கச் சிரிக்கும்.

மவுண்ட் ஈடன் உச்சி, அருங்காட்சியகம், கடற்கரை என்று காலைச் சுற்றை முடித்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லோரையும் ஃபெரிமேன்ஸ் ஆர்ம்ஸ் என்ற பப்புக்கு அழைத்துப் போவாள். துறைமுகத்திலிருந்து ஒரு தெரு தள்ளி, சிவப்புச் செங்கல்லில் கட்டிய இரண்டு மாடிக் கட்டடம். கப்பலில் வந்து இறங்கியவர்களுக்காக அந்தக் காலத்தில் கட்டியது. உள்ளே ஒரே பலகையில் அறுத்த நீளமான மதுமேடை, அதுவும் இந்த நாட்டுக்கே உரிய கவுரி மரம். "எங்கள் பாஷையில் கவுரி என்பது அம்மன் பெயர். அதன் மேல் முழங்கையை ஊன்றும்போது கொஞ்சம் மரியாதையாக ஊன்றுங்கள்" என்பாள். ஒரு காலத்தில் இந்த நாட்டில் மாலை ஆறு மணிக்குப் பப்புகளை மூட வேண்டும் என்று சட்டம் இருந்ததையும், வேலை முடிந்து ஓடி வந்தவர்கள் ஒரே மணி நேரத்தில் நாள் முழுவதற்கும் குடித்துத் தீர்த்ததையும், பிறகு தரையைக் குழாய்த் தண்ணீரால் அடித்துக் கழுவியதையும் அவள் நடித்தே காட்டுவாள். அவள் குடிப்பதில்லை. எலுமிச்சைச் சாறு போட்ட சோடா ஒரு கிளாஸ், அவ்வளவுதான். ஆனால் சாப்பிடுவாள். கைடுக்குப் பப்பே சாப்பாடு கொடுக்கும். நீண்ட மேசையின் தலைப்பக்கத்தில் உட்கார்ந்து, அந்த இடத்தின் பேர்போன லாம்ப் ஷாங்க்கை, எலும்போடு மணிக்கணக்கில் வேகவைத்து கிரேவியில் மிதக்கும் ஆட்டுக் கால்கறியை, அவள் ரசித்துச் சாப்பிடுவதைப் பார்த்து மீன் கேட்டவர்கள்கூட மாற்றிக் கேட்பார்கள்.

அப்படிப்பட்டவளின் தொண்டையில்தான் வந்தது.

முதலில் குரல் கம்மியது. பேசிப் பேசியே வந்தது என்று எல்லோரும் சொன்னார்கள், அவளும் நம்பினாள். பிறகு காது வலித்தது. பிறகு நாக்கின் வேரில், கண்ணாடியில் பார்த்தால் தெரியாத இடத்தில், புற்று என்றார்கள். வாரக்கணக்கில் கதிர்வீச்சு கொடுத்தார்கள். கழுத்துத் தோல் கருகி உரிந்தது. எச்சில் வற்றியது. வயிற்றில் துளையிட்டு ஒரு குழாய் பொருத்தி அதன் வழியே சத்துப் பால் ஊற்றினார்கள். கடைசியில் டாக்டர், "போய்விட்டது. நீங்கள் பிழைத்துவிட்டீர்கள்" என்றார். பிழைத்தாள். ஆனால் தொண்டைக்கு விழுங்கத் தெரியாமல் போயிருந்தது. ஒரு மடக்குத் தண்ணீர் விட்டால் அது வயிற்றுக்குப் போகாமல் மூச்சுக்குழாய்க்குப் போனது.

வீடு மாறிப்போனது. அடுப்பு எரிவதில்லை. வருகிறவர்கள் "பசியாறியாச்சா?" என்று வாசலில் கேட்கும் பழக்கத்தை நாக்கைக் கடித்துக்கொண்டு நிறுத்தினார்கள். ஜனார்த்தன் அவள் கண்ணெதிரே ஒரு பிஸ்கட்கூடக் கடிக்கவில்லை. வேலையிலேயே சாப்பிட்டுவிட்டேன் என்பார். அவள் நம்பினாள். ஒரு சனிக்கிழமை குப்பைத் தொட்டியை உள்ளே இழுக்கப் போனவள், கராஜுக்கு முன்னால் நின்ற காருக்குள் கணவன் குனிந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். மடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, அவசர அவசரமாக மீ கோரெங் நூடுல்ஸை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். திருடன் மாதிரி.

அவள் கார்க் கண்ணாடியைத் தட்டினாள். அவர் வாயில் இருந்ததை மெல்லவும் முடியாமல் விழிக்க, அவள் கதவைத் திறந்து, அப்போது இருந்த காற்றுக் குரலில் சொன்னாள்: "உள்ள வாங்க. மேசையில உக்காந்து சாப்பிடுங்க."

"உனக்குக் கஷ்டமா இருக்கும்ல."

"இதுதான் லா கஷ்டம். வீட்டுல ஒரு வாசம் இல்ல. ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு. சம்பல் வதக்குங்க, மீன் பொரிங்க. மூக்கு நல்லாத்தானே இருக்கு எனக்கு."

அன்று சாயங்காலம் ஜனார்த்தன் நெத்திலிச் சம்பல் வதக்கினார். நெடி தாங்காமல் இருவருக்கும் கண்ணில் நீர் வழிந்தது. அவள் எதிரே உட்கார்ந்து, உப்பு போதுமா என்று அவரை மூன்று தடவை கேட்டாள்.

ஆஸ்பத்திரியில் விழுங்குவதற்குப் பயிற்சி கொடுக்கும் பெண்ணின் பெயர் நிலானி. யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு இங்கே பிறந்தவள். நோயாளியின் பெயரைப் பார்த்ததும் தமிழில் பேசத் தொடங்கிவிட்டாள். முதல் நாளே அவள் கேட்ட கேள்வி: "அன்ரி, திரும்ப வடிவா விழுங்க ஏலும் எண்டால், முதல்ல என்ன சாப்பிட ஆசை?"

ரசம் சோறு, இட்லி, கஞ்சி என்று ஏதாவது சொல்வாள் என்று நிலானி எதிர்பார்த்திருக்க வேண்டும்.

"ஃபெரிமேன்ஸ் ஆர்ம்ஸ்ல லாம்ப் ஷாங்க். முழுத் தட்டு" என்றாள் மாலினி.

நிலானி பேனாவைக் கீழே வைத்தாள். "இறைச்சிதான் ஆகக் கஷ்டம், அன்ரி. பப்பில போய் இருந்து சாப்பிடுறது இன்னும் கஷ்டம். சத்தம், கதை, ஆக்கள். விழுங்கிறதில கவனம் நிக்காது."

"வீட்டுல சாப்பிட்டா நான் சீக்காளிம்மா. அங்க உக்காந்து சாப்பிட்டாத்தான் நான் கைடு."

"ஓம்" என்றாள் நிலானி, பேனாவைத் திரும்ப எடுத்தபடி. "அப்ப அதுக்கே வேலை செய்வம்."

நாக்கு நுனியைப் பல்லுக்கிடையில் பிடித்துக்கொண்டு விழுங்க வேண்டும். படுத்தபடி தலையை மட்டும் தூக்கிக் கால்விரலைப் பார்க்க வேண்டும். வாயில் ஒன்றுமே இல்லாதபோது பெரிய பலாச்சுளையை விழுங்குவது போல முழுப் பலத்தோடு விழுங்க வேண்டும். பார்க்கிறவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். செய்கிறவளுக்குக் கழுத்து நரம்பெல்லாம் விண்ணென்று தெறிக்கும். சில வாரங்களில் ஒரு கரண்டித் தயிர் இறங்கியது. பிறகு குழைத்த உருளைக்கிழங்கு. மாலினிக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த அவசரத்தில்தான் தப்பு செய்தாள். ஒரு நாள் கைடு ஒருவருக்குக் காய்ச்சல் என்று நிறுவனத்தில் ஆள் தேடினார்கள். அவள் தானே போன் செய்து நான் வருகிறேன் என்றாள். சட்டைக்குள் குழாயைச் சுருட்டி ஒட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள். கரகரத்த குரலில் அத்தனை கதையும் சொன்னாள். சிரித்தார்கள். மத்தியானம் பப்பில் மேசையின் தலைப்பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒன்றும் சாப்பிடாமல் இருந்தால் கேள்வி வரும் என்று பூசணி சூப் கேட்டாள். மெல்லவே வேண்டாத பொருள்தானே என்பது அவள் கணக்கு. நீர்த்த பொருள்தான் வேகமாக ஓடித் தப்பான வழியில் நுழையும் என்று நிலானி படித்துப் படித்துச் சொன்னது அந்த நேரத்தில் மறந்துபோயிற்று.

இரண்டாவது கரண்டியில் மூச்சு நின்றது. இருமல் வெடித்தது. மேசை விரிப்பெல்லாம் மஞ்சளாகத் தெறித்தது. யாரோ முதுகில் குத்தினார்கள், யாரோ ஆம்புலன்ஸ் என்று கத்தினார்கள். வெளியே பஸ்ஸைத் துடைத்துக்கொண்டிருந்த டிரைவர் சோதிலிங்கம் ஓடி வந்து அவளைக் கைத்தாங்கலாகப் பின்வாசலுக்குக் கூட்டிப்போனார். போகும்போது அவள் ஒன்றைப் பார்த்தாள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு அம்மாள், பாதி சாப்பிட்ட தட்டைத் தன்னை விட்டுத் தள்ளி வைத்தாள். முகத்தில் அருவருப்பு. இத்தனை வருஷம் மற்றவர்களுக்குப் பசியைத் தூண்டியவள், இன்று ஒருத்தியின் பசியைக் கெடுத்துவிட்டாள். இருமல் நின்ற பிறகும் மாலினிக்கு அந்தத் தட்டு கண்ணை விட்டுப் போகவில்லை.

நிறுவனம் கோபிக்கவில்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. அவளை அலுவலகத்தில் உட்காரவைத்து, முன்பதிவு மின்னஞ்சல்களுக்குப் பதில் போடச் சொன்னார்கள். எவ்வளவு காலம் வேண்டுமானாலும் இருக்கலாம் என்றார்கள்.

நிலானியிடம் போனாள். நடந்ததைச் சொன்னாள். திட்டு விழும் என்று நினைத்தாள்.

"அப்ப என்ன செய்யிறது? விடுவமா?" என்று மட்டும் கேட்டாள் நிலானி.

"யாரு விடறது? இன்னும் கஷ்டமான பயிற்சி இருந்தா குடு."

அந்தக் குளிர்காலம் முழுக்க மாலினி விழுங்கினாள். காலையில் வேலைக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு விழுங்கினாள். மின்னஞ்சலுக்கு மின்னஞ்சல் விழுங்கினாள். ஜனார்த்தன் டிவியில் கிரிக்கெட் பார்த்தால் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு தடவை விழுங்கினாள். டெஸ்ட் மேட்ச் வந்தால் கழுத்து வலி தாங்காது. தயிருக்குப் பிறகு அவித்த முட்டை, அதற்குப் பிறகு மீன், அதற்குப் பிறகு குழம்பில் ஊறிய கோழி. ஒவ்வொன்றும் ஒரு மாதப் போர். வெற்றிலையும் பாக்கும் மாதிரி ஒவ்வொரு வாயோடும் ஒரு செய்முறையும் சேர்ந்தே வந்தது: சின்னதாக எடு, ஈரமாக்கு, தாடையை நெஞ்சில் அழுத்து, பலமாக விழுங்கு, இன்னொரு தடவை விழுங்கு.

வசந்தத்தில் எக்ஸ்ரே எடுத்தபடியே விழுங்கவைக்கும் சோதனை நடந்தது. திரையில் அவளுடைய தொண்டை கறுப்பு வெள்ளையில் தெரிந்தது. எக்ஸ்ரேயில் தெரிவதற்காக மாவு கலந்த உணவு நாக்கின் பின்னால் உருண்டு, ஒரு கணம் தயங்கி, சரியான வழியில் இறங்கியது. மறுபடி கொடுத்தார்கள். மறுபடி இறங்கியது. நிலானி படத்தைப் பின்னோக்கி ஓட்டித் திரும்பப் பார்த்தாள்.

"என்னம்மா, சொல்லேன்."

"என்னத்தைச் சொல்ல. இந்தப் படத்தை மாணவர்களுக்குக் காட்டப்போறன், அன்ரி."

அடுத்த மாதம் குழாயை எடுத்தார்கள். வயிற்றில் தொப்புளுக்கு மேலே இன்னொரு தொப்புள் மாதிரி ஒரு குழி மிஞ்சியது.

ஆனால் இன்னொரு தடை இருந்தது. அவளால் சாப்பிட முடியும். வேகமாகச் சாப்பிட முடியாது. ஒரு தட்டுக்கு மற்றவர்களைப் போல மூன்று மடங்கு நேரம் வேண்டும். பஸ்ஸோ கடிகாரத்தின்படி ஓடுவது. பப்பில் முக்கால் மணி நேரம், உடனே அடுத்த இடம். மாலினி மேலாளரிடம் போய் உட்கார்ந்தாள்.

"மத்தியானச் சாப்பாட்டைச் சுற்றுலாவின் நடுவில் வைக்காதீர்கள். கடைசியில் வையுங்கள். கப்பல் பக்கத்திலேயே நிற்கிறது. சாப்பிட்டு முடித்தவர்கள் துறைமுகத்தில் நடக்கட்டும், கடை பார்க்கட்டும். மெதுவாகச் சாப்பிட விரும்புகிறவர்கள் உட்காரட்டும். நம் பயணிகளில் பாதிப் பேர் எழுபதைத் தாண்டியவர்கள். அவர்களை யார் துரத்துவது?"

தனக்காக என்று அவள் சொல்லவில்லை. சொல்லாமலும் மேலாளருக்குப் புரிந்திருக்கும். ஒரு தடவை செய்து பார்ப்போம் என்றார்.

அந்த ஒரு தடவை கோடையின் தொடக்கத்தில் ஒரு வியாழக்கிழமை வந்தது. வானம் சுத்தமாக இருந்தது. பிரிட்டனிலிருந்து வந்த கப்பல். மவுண்ட் ஈடன் உச்சியில் காற்று அவள் குரலைப் பிய்த்துக்கொண்டு போனது. பழைய குரல் இல்லை அது, உப்புத்தாள் மாதிரி கரகரத்தது. ஆனால் கதை அதே கதை. சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார்கள். பப் வாசலில் பஸ் நின்றபோது சோதிலிங்கம் கண்ணாடியில் அவளைப் பார்த்தார்.

"அக்கா, ஆறுதலா சாப்பிடுங்கோ. கப்பல் போறதுக்கு எவ்வளவோ நேரம் கிடக்கு."

"நீங்களா சொல்றீங்க? கதவைத் திறக்கறதுக்கு முன்னாலேயே ஹார்ன் அடிக்கற ஆளு."

"இண்டைக்கு ஹார்ன் வேலை செய்யாது."

பப்பை நடத்தும் ஹினே, மாவோரிப் பெண்மணி, வாசலிலேயே நின்று மாலினியின் நெற்றியில் தன் நெற்றியையும் மூக்கையும் ஒற்றி வரவேற்றாள். என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. எல்லோருக்கும் தட்டுகள் வந்த பிறகு மாலினியின் தட்டைத் தானே எடுத்து வந்தாள். குழைத்த உருளைக்கிழங்கு மலையின் மேல் கால்கறி நிமிர்ந்து நின்றது. பக்கத்தில் சுட்ட கூமரா, சர்க்கரைவள்ளியின் இந்த ஊர் வகை. கூடவே ஒரு குடுவை நிறைய கிரேவி. "இது தீர்ந்தால் இன்னொன்று இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனாள்.

முதல் துண்டு. சின்னதாக வெட்டி, கிரேவியில் குளிப்பாட்டி, வாயில் வைத்து, தாடையை நெஞ்சில் அழுத்தி விழுங்கினாள். இறங்கியது. இரண்டாவதும் இறங்கியது. சுற்றிலும் கத்தி முள்கரண்டிச் சத்தம், சிரிப்பு, மதுமேடையில் கண்ணாடிகள் உரசும் ஒலி. அவள் தட்டை மட்டும் பார்த்தாள். யாராவது கேள்வி கேட்டால் முதலில் விழுங்கி முடித்து, பிறகு நிமிர்ந்து பதில் சொன்னாள். அவர்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை. யோசித்துப் பேசுகிற ஆள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அரை மணியில் பெரும்பாலோர் எழுந்து கடைத்தெருவுக்குப் போனார்கள். ஐலா என்ற ஸ்காட்லாந்துக் கிழவி மட்டும் போகவில்லை. "எனக்கும் பல் செட் தொந்தரவு. நாம் இருவரும் பசுமாடுகள் மாதிரி மெல்லுவோம்" என்று எதிரே வந்து உட்கார்ந்தாள்.

பாதித் தட்டில் ஒரு துண்டு நின்றுவிட்டது.

மேலேயும் வராமல் கீழேயும் போகாமல் நின்றது. மாலினியின் நெற்றி வியர்த்தது. ஐலா கரண்டியைக் கீழே வைத்தாள். கவுண்டருக்குப் பின்னால் ஹினே அசையாமல் நின்றாள். பூசணிச் சூப்பு நாள் மாலினியின் நெஞ்சில் எழுந்தது. எழுந்ததை அப்படியே உட்காரவைத்தாள். மூச்சு வருகிறதா? மூக்கு வழியே வருகிறது. அப்படியானால் பயமில்லை. மெதுவாக ஒரு முறை செருமினாள். தாடையை இறக்கினாள். கையை மேசையில் ஊன்றி, அந்தக் குளிர்காலம் முழுக்க விழுங்கிய காற்றின் பலத்தையெல்லாம் சேர்த்து விழுங்கினாள். நகர்ந்தது. இன்னொரு தடவை. போய்விட்டது.

"போனதா?" என்றாள் ஐலா.

"போயிற்று" என்று சொல்லிவிட்டு மாலினி அடுத்த துண்டை வெட்டினாள்.

அதற்குப் பிறகு பயம் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றது. கூமராவின் தித்திப்பு நாக்கில் தெரிந்தது. கிரேவியில் ரோஸ்மேரி போட்டிருப்பது தெரிந்தது. எலும்போடு ஒட்டிய கடைசிச் சதையைக் கத்தியால் சுரண்டி எடுத்தாள். உருளைக்கிழங்கால் தட்டைத் துடைத்து அதையும் சாப்பிட்டாள். வெள்ளைத் தட்டில் ஒரு எலும்பு மட்டும் மிஞ்சியது. ஹினே அந்தத் தட்டை எடுத்து, உயர்த்திப் பிடித்தபடி சமையலறைக்குள் போனாள். உள்ளேயிருந்து பாத்திரத்தில் கரண்டியால் தட்டும் சத்தம் எழுந்தது; ஒரு கரண்டி, பிறகு பல கரண்டிகள். சமையல்காரர் வாசலுக்கு வந்து தொப்பியைக் கழற்றினார்.

"வேறு ஏதாவது?" என்று திரும்பி வந்த ஹினே கேட்டாள்.

"புட்டிங் என்ன இருக்கிறது?" என்றாள் மாலினி.

பேரீச்சம்பழப் புட்டிங், சூடான சாஸோடு. அதையும் ஐலாவோடு பங்கு போட்டு முடித்தபோது கடைத்தெருவுக்குப் போனவர்கள் பைகளோடு திரும்பத் தொடங்கியிருந்தார்கள்.

பஸ்ஸில் எல்லோரும் ஏறிய பிறகு மாலினி வழக்கம்போல இருக்கை இருக்கையாகத் தலை எண்ணிக்கொண்டே பின்னால் போனாள். கணக்கில் ஒன்று கூடியது. மறுபடி எண்ணினாள். அப்போதும் கூடியது. கடைசி வரிசை மூலையில் ஒரு ஆள் சுற்றுலா வரைபடத்தை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார். வரைபடம் தலைகீழாக இருந்தது.

அவள் அதை மெல்ல விலக்கினாள். ஜனார்த்தன்.

"லீவு போட்டேன்" என்றார். "பப்புல, அந்தத் தூணுக்குப் பின்னாலதான் நின்னேன். சோதிலிங்கம்தான் ஏத்திக்கிட்டாரு." கண் சிவந்திருந்தது. "அந்த ஒரு துண்டு நின்னுச்சு பாரு. எனக்கு உசிரே போயிருச்சு."

"நீங்க சாப்பிட்டீங்களா?"

"எங்க சாப்பிடறது. காலையிலேருந்து பச்சைத்தண்ணிகூட இறங்கல."

மாலினி அவர் தோளைத் தட்டிவிட்டு முன்னால் வந்தாள். மைக்கை எடுத்தாள். அதற்குள் சோதிலிங்கம் வண்டியைக் கிளப்பித் தெருமுனையைத் தாண்டியிருந்தார்.

"அன்பர்களே," என்றாள் ஆங்கிலத்தில், அந்த உப்புத்தாள் குரலில், "கப்பலுக்குப் போவதற்கு முன் கொஞ்ச நேரம் மறுபடி பப்பில் நிறுத்தப்போகிறோம். நம்மில் ஒருவர் இன்னும் சாப்பிடவில்லை."